அப்பா கட்டுமரம் ஏறிய நாள்

என் கல்யாணப் பேச்சு ஒரு வாந்தியால் நின்றுபோனது. கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்று இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சீர் போதவில்லை, பெண் கறுப்பு, மாமியார்க்காரி வாயாடி என்றெல்லாம் நின்றுபோன கல்யாணங்கள் பூந்தமல்லியில் உண்டு. மாப்பிள்ளைப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாந்தி எடுத்தான் என்பதற்காக நின்றது என்னுடையது ஒன்றுதான்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்துகொண்டு வந்த சனங்கள் பாதிப்பேர் திரும்பிப் போயிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களின் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியை மூட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கரி பஸ் என்று பெயர். அது ஓடுவதைவிட இருமுவதுதான் அதிகம். பட்டணத்திலிருந்து பூந்தமல்லி வந்து சேருவதற்குள் உள்ளே இருப்பவர்களின் குடல் வாய்க்கு வந்துவிடும்.

அப்பா பூந்தமல்லி கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். கடை முன்னால், வீடு பின்னால். எனக்கு மூத்தவர்களெல்லாம் கல்யாணமாகிப் போய்விட, வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். நெத்திலி, வாளை, சென்னாங்குன்னி எல்லாம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து சாக்கில் கட்டி மாட்டுவண்டியில் வரும். எங்கள் பரம்பரையே கடற்கரையிலிருந்து வந்ததுதான். தாத்தா காலத்தில் கடலை விட்டுவிட்டு இங்கே வந்தோம். தாத்தா கடலை விட்டாரே தவிர கள்ளை விடவில்லை. கட்டுமரத்தை விற்றுக் குடித்தார், வலையை விற்றுக் குடித்தார், கடைசியில் ஒரு கள்ளுக்கடை வாசலிலேயே கண்ணை மூடினார். அதைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்குக் கள் என்ற சொல்லே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, குடிக்கிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மாதா சுரூபத்தின் முன்னால் சத்தியம் வாங்குவார். அவர்களில் சிலர் உண்மையாகவே விட்டார்கள். மற்றவர்கள் எங்கள் கடை இருக்கிற பக்கமாக வராமல் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட மனுஷர் கடலில் கால் வைத்ததே இல்லை. கடலிலிருந்து வந்ததை விற்றுத்தான் நாங்கள் சோறு தின்றோம். ஆனால் அப்பாவுக்குக் கடல் என்றால் சாக்கில் கட்டி வருகிற ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் கடைக்குக் கருவாடு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் தன் மகனுக்கு என்னைக் கேட்டாள். பெரிய குரல், பெரிய உடம்பு, நேர்மையான தராசு. அவள் புருஷனும் மகனும் கட்டுமரத்தில் போகிறவர்கள். எனக்கு முன்பே வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. வயதும் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெருமூச்சைப்போல வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறொன்றும் இல்லை.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பையனைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பெண் பார்க்கப் பெரியவர்கள் மட்டும் வருவதுதான் வழக்கம் என்றாலும், குடிக்கிறவன் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அந்த அம்மாளும் சரி என்றாள்.

வந்த நேரம் பாருங்கள். அது கோலா மீன் காலம். கோலா பிடிக்கப் போகிறவர்கள் கரை கண்ணுக்கு மறைகிற தூரத்துக்குப் போய், ராத்திரியும் மரத்தின்மேலேயே கிடந்துவிட்டு வருவார்கள். பையன் அப்படிப் போய்விட்டு அன்று விடியற்காலையில்தான் கரையேறியிருக்கிறான். குளித்து, வேட்டி மாற்றி, அம்மா கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு, தூங்காமல் நேராகக் கரி பஸ் ஏறிவிட்டான்.

நான் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவின் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. முதலில் அந்த அம்மாள் இறங்கினாள். பின்னால் அவன் இறங்கினான். காலைக் கீழே வைத்தவன், தரை இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி ஒரு நொடி நின்றான். பிறகு இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். கடை வாசலுக்கு வந்தவன் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு வாசலோரம் இருந்த புளியமரத்தடிக்கு ஓடினான்.

அப்பா எழுந்து அவன் பின்னாலேயே போனார். வாந்தி எடுத்து நிமிர்ந்தவன் முகத்துக்கு நேராக மூக்கை நீட்டி முகர்ந்தார். புளித்த வாடை. நீராகாரம் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"காலைல இன்னா குடிச்ச?" என்றார் அப்பா.

"நீராகாரம்" என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நீராகாரம்! எங்கப்பனும் இதத்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு அப்பா கடைக்குத் திரும்பிவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த அம்மாள் விடுவாளா? கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "இன்னா அண்ணாத்தே, எம் புள்ள குடிச்சிட்டு வந்துகீறான்னா சொல்ற? மூணு நாளா கடல்ல கெடந்துட்டு வந்துகீறான். ஒடம்பு இன்னும் அலை மேலயே கீது. அதுக்கு மேல உன் ஊரு பஸ்ஸு. மனுஷன் ஏறுற வண்டியா அது?"

"கடல்ல ஆடினா கடல்ல வாந்தி வரணும். தரைல ஏம்மா வருது?" என்றார் அப்பா. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது விளங்காது.

"கடல்ல அவனுக்கு ஒண்ணும் ஆவாது. கரைக்கு வந்தாதான் ஆடும். உனக்குச் சொன்னா புரியாது. ஒரு நா எங்க மரத்துல ஏறி எறங்கு. எறங்கிட்டு நேரா நட, பாக்கலாம். கோணாம நடந்துட்டியானா எம் புள்ள குடிகாரன்தான், நானே ஒத்துக்கிறேன்."

எதிர்க்கடை வெற்றிலைக்காரர், தயிர்க்காரி, வண்டிக்காரர்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ரோஷக்காரர். "வரேன்" என்றார்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பையன் என்ன செய்தான் என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தள்ளாடிக்கொண்டே போய்த் தொட்டியில் தண்ணீர் மொண்டுவந்து வாந்தி எடுத்த இடத்தைக் கழுவினான். காலால் மண்ணைத் தள்ளி மூடினான். கழுவிய சொம்பைக் கவிழ்த்து வைத்தான். குடிகாரன் எவனாவது தான் வாந்தி எடுத்த இடத்தைக் கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்த இடத்திலேயே மனசு முடிவாகிவிட்டது. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கதவுச் சந்தில் நின்று பார்த்தாயா என்று அதற்கு ஒரு வசவு விழும். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

போவதற்கு முன் அந்த அம்மாள் அப்பாவுக்குக் கடல் மயக்கம் வராமலிருக்க யோசனை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கோபத்திலும் அந்த நல்ல மனசு இருந்தது. "வெறும் வயித்தோட மட்டும் வராத அண்ணாத்தே. அதான் ஆளக் கொல்லும். பழைய சோறும் சுட்ட கருவாடும் ரெண்டு கவளம் உள்ள போவணும். வேட்டிய வயித்துல இறுக்கிக் கட்டிக்கோ. சுக்கு ஒரு துண்டு வாயில அடக்கிக்கோ. தண்ணிய குனிஞ்சு பாக்காத. கரைப் பக்கம் பரங்கிமலை தெரியும், அதையே பாத்துகினு இரு. தலை சுத்தினா கண்ண மூடாத. கண்ண மூடினா போச்சு."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்ய முடிவு செய்தார். நற்கருணை வாங்குகிறவர்கள் முதல் நாள் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கவேண்டிய காலம் அது. அப்பா அதை ஒரு நாளும் மீறியதில்லை. வெறும் வயிறுதான் சுத்தம் என்பது அவருடைய ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் வெளியே வர என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. கடலுக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அம்மா சோற்றைப் போட்டுவைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம்.

நானும் அம்மாவும் ஒரு சின்ன மூட்டை கட்டினோம். சுக்கு, எலுமிச்சம்பழம், உப்பில் ஊறிய நார்த்தங்காய், கொஞ்சம் பொட்டுக்கடலை. அது வேலை செய்யவேண்டும் என்றும் நினைத்தேன், செய்யக்கூடாது என்றும் நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன். மருந்து வேலை செய்து அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் அவர் கரையிறங்கி நேராக நடந்துவிட்டால், பையன் குடிகாரன் என்று முடிவாகிவிடும். என் கல்யாணம் அதோடு போச்சு. மருந்து வேலை செய்யாவிட்டால் அப்பா அந்தத் தண்ணீர்மேல் கிடந்து அவதிப்படவேண்டும். அவருக்கு நீச்சல் தெரியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அது நான்தான்.

அப்பா சாயங்கால பஸ்ஸில் போனார். ராத்திரி குப்பத்தில் அவர்கள் வீட்டில் படுத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் கரையிலிருந்து வீசுகிற காற்றில் மரத்தைத் தள்ளுவது என்று ஏற்பாடு. அவர் போன பிறகு கடையைப் பூட்டப் போனேன். தராசுக்குப் பின்னால் நாங்கள் கட்டிக்கொடுத்த மூட்டை அப்படியே இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போனது இல்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டி, ஒதுக்கி வைத்திருந்தார். மருந்து தின்றுவிட்டுப் போனால் சோதனை சோதனையாக இருக்காது என்று நினைத்திருக்கிறார். அப்பா கோபக்காரர், பிடிவாதக்காரர். ஆனால் கள்ளத் தராசு பிடிக்காத மனுஷர்.

மறுநாள் காலையில் மாதா படத்தின் முன்னால் முட்டிபோட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்பாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது தாயே" என்று ஆரம்பித்தேன். அது போதாது என்று பட்டது. "வாந்தி மட்டும் வரட்டும்" என்று சேர்த்தேன். உடனே பயம் வந்து, "கொஞ்சமாக வரட்டும்" என்றேன். பெற்ற அப்பனுக்கு வாந்தி வரவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட பெண் பூந்தமல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடையை நான்தான் திறந்தேன். சேதி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கையைப் பிடித்து இழுத்துச் சத்தியம் வாங்கியவர்களெல்லாம் அன்று பார்த்து வரிசையாகக் கருவாடு வாங்க வந்தார்கள். "இன்னாம்மா, நைனா கடலுக்குப் போயிட்டாராமே, நாளைக்குப் பச்சை மீனு விப்பாரா?" என்று ஒருவர். "கடல்ல வெடி போட்டு வெச்சிகீறானாம் ஜப்பான்காரன். முட்டினா வெடிக்குதாமே" என்று இன்னொருவர். இதைச் சொல்லிவிட்டு அவர் வாளைக் கருவாட்டைப் புரட்டிப் பார்த்துப் பேரம் வேறு பேசினார். அவரை அந்தக் கருவாட்டாலேயே ஒரு அடி அடிக்கலாமா என்றிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பூந்தமல்லிக்குக் கிழக்கிலிருந்து காற்று வரும். கடல் தெரியாத ஊராக இருந்தாலும் அந்தக் காற்று எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் போகும். அந்தக் காற்றில் பாய் விரித்துத்தான் மரங்கள் கரைக்குத் திரும்பும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று அந்தக் காற்று வரவில்லை. புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை வாசலுக்கு வரும்போதும் வானத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. உன் கல்யாணத்துக்காகத்தானே இவ்வளவும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கடைசி பஸ் வந்தது. அப்பா வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அன்று வடித்த சோற்றை யாரும் தொடவில்லை. நான் மாதாவிடம் என் வேண்டுதலை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன். கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அப்பா வந்தால் போதும் என்று சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கரி பஸ் இருமிக்கொண்டு வந்து நின்றது. முதலில் அந்தப் பையன் இறங்கினான். முகம் வெளிறிக் கிடந்தது. உதட்டை இறுக மூடியிருந்தான். திரும்பிக் கையை நீட்டி அப்பாவைப் பிடித்து இறக்கினான். பின்னால் அந்த அம்மாள்.

அப்பாவா அது? ஒரே நாளில் மனுஷர் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது. காலை நீட்டித் தரையைத் தேடினார். வைத்தார். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. பிறகு நடுத்தெருவிலேயே உட்கார்ந்து மஞ்சள் தண்ணீராகக் கக்கினார்.

அப்பாவிடம் சத்தியம் செய்துகொடுத்தவர்களில் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா அண்ணாத்தே, எங்ககிட்ட சத்தியம் வாங்கிகினு நீ போட்டுகினியா?" தெருவே சிரித்தது. அப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பனைமரத்தின் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும் என்பார்கள். கள்ளின் வாடையே ஆகாத என் அப்பா, நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்ச் சிரித்தவன் முகத்தில் பிறாண்டவேண்டும் போலவும் இருந்தது.

"அவரு குடிக்கல!" என்று அந்தப் பையன் கத்தினான். அதுவரைக்கும் நான் அவன் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. "கடலுக்கு வந்துட்டு வராரு. தெரியாம பேசாதீங்க." ஒருவரும் அவனை நம்பவில்லை. இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அப்பா தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

அவன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கடையைத் தாண்டி உள்ளே கொண்டுவந்து பாயில் உட்காரவைத்தான். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், பிறகுதான் வெளியே ஓடினான். புளியமரத்தடியில் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அப்பாவும் கேட்டார்.

அந்த அம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். "வெறும் வயித்தோட ஏறாதன்னு தலபாடா அடிச்சிகினேன், கேட்டாரா? அலை ஒடயுற எடத்தத் தாண்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டுது. சோறு இல்ல, தண்ணி இல்ல, வெறும் பித்தம். ஒரு கட்டத்துல ஆளு அப்படியே தண்ணிப் பக்கம் சாஞ்சுட்டாராம். எம் புள்ள வலைய உட்டுட்டு வந்து, இடுப்புல கயிறு கட்டி மரத்தோட சேத்துப் பிணைச்சுட்டு, பின்னால குந்திகினு, நெத்தியத் தாங்கிப் புடிச்சிகினான். காத்து வேற செத்துப்போச்சு. மழைல நனைஞ்சுகினு, துடுப்புப் போட்டே கரைக்கு வர வேண்டியதாப் போச்சு. எங்கூட்டுக்காரரு ஒண்டியா துடுப்புப் போட்டாரு. இவன் கைய எடுக்கவே இல்லியாம். எடுத்தா இவரு தலை தொங்கிப் போவுதாம்."

அம்மா வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்த கை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் கொடுத்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அப்பா பேசினார். குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அவன் குடிகாரன் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன், அவன் குடிகாரன் இல்லன்னு."

மாதா என் முதல் வேண்டுதலையும் கேட்டுவிட்டாள், திரும்ப வாங்கிக்கொண்டதையும் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அப்பா முடிக்கவில்லை.

"ஆனா பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோச்சுக்காதம்மா. நான் இத்தினி நாளா கருவாடு வித்தேன், கடல் இன்னான்னு தெரியாது. நேத்துதான் பாத்தேன். காலுக்குக் கீழ நாலு கட்ட. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. உம் புள்ள நல்ல புள்ளதான். ஆனா அவன் தெனமும் அங்கதான் போறான். எம் பொண்ணு தெனமும் சாயங்காலம் கரைல நின்னுகினு, வரானா வரலியான்னு பாத்துகினே இருக்கணுமா? என்னால ஆவாது. நித்திய கண்டம். என்னால ஆவாது." சொல்லிவிட்டு அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்காகத்தான் அழுகிறார். குடி என்ற பொய்யான காரணம் போய், உண்மையான காரணம் வந்து உட்கார்ந்துவிட்டது. பொய்யைச் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிடலாம். இதற்கு என்ன செய்வது? நேற்று ஒரு நாள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவள்தானே நானும். அவர் சொல்வதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அந்த அம்மாளும் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"கொஞ்சம் குந்து அண்ணி" என்றாள் அம்மா.

அப்பா பேசி முடித்த பிறகு அம்மா பேசி நான் கேட்டதே கிடையாது. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அப்பாவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கடல்ல வாந்தி எடுத்தப்ப உங்க தலைய யாரு புடிச்சிகினு இருந்தது?" என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "அவன்தான்" என்றார்.

"எம்மா நேரம்?"

"கரை வர்ற வரிக்கும்."

"எப்டி இருந்துச்சு?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "அவன் கை இல்லாட்டி செத்திருப்பேன்னு இருந்துச்சு" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். அவள் குரல் உயரவே இல்லை. "இத்தினி புள்ள பெத்தேன் உங்களுக்கு. ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்குல கொல்லப்பக்கம் குந்திகினு வாந்தி எடுத்தேன். நீங்க உள்ள சோறு துன்னுகினு இருப்பீங்க. 'கதவ சாத்து, சத்தம் கேக்குது'ன்னு சொல்லுவீங்க. நானே எழுந்து வந்து சாத்திட்டு, திரும்பப் போய் எடுப்பேன். தரைலதான் இருந்தேன். எனக்குக் கீழ மண்ணு கெட்டியாத்தான் இருந்துச்சு. ஒரு நா என் தலைய புடிச்சது உண்டா?"

வெளியே அந்தப் பையன் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கடல் இன்னா பண்ணுமோ எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா. "தலைய புடிக்கிறவன் கைல குடுங்க. அவ எத்தினி நாளு வாழ்ந்தாலும் வாழட்டும்."

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் அத்தனைபேர் சிரித்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. பிறகு அந்த அம்மாள் பக்கமாகக் கையைக் காட்டி, என்னைப் பார்த்து, "வெத்தல பாக்கு எடுத்துகினு வாம்மா, மாத்திக்கலாம்" என்றார்.

நான் தட்டு எடுக்க அடுப்பங்கரைக்குப் போனேன். அம்மா எனக்கு முன்னால் அங்கே வந்திருந்தாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அது என் கல்யாணம் நிச்சயமானதற்கு அழுகிற அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.